நிக்கோட்டின் கம் கொடுத்தால் போதாது, மெல்லவும் சொல்லித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கான 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் 2018 செப்டம்பர் முதல் சிகரெட் பெட்டிகளில் அச்சாகிறது. தமிழிலும் பேசலாம். ஆனால் பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்கி அங்கேயே பற்றவைப்பவர் கண்ணில் பெட்டியே படுவதில்லையே! டீக்கடை, மருந்துக்கடை, ரேஷன் கடைச் சுவர்களில் இந்த எண்ணைப் பெரிதாக எழுதிவைக்க என்ன தடை?

புகையிலை நிறுத்த மையத்துக்குப் போகலாம் என்றாலும், அவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கின்றன. காலை ஓ.பி. வரிசையில் நின்றால் கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போச்சு. நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரை திறந்திருக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் வாரம் இரண்டு மாலை உட்கார்ந்தாலே போதும். கேட்கும் கேள்வியும் சரியாக இருக்கவேண்டும். "சிகரெட் உண்டா?" என்றால் பீடி பிடிப்பவர் "இல்லை" என்பார். பீடியா, சிகரெட்டா, ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலாவது என்று கேட்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கேள்விதான், புகை ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் நிக்கோட்டின் கம் என்ற மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. நிக்கோட்டின் கம்; அதற்கு மருத்துவர் சீட்டு தேவை. மற்றவர்களுக்கு 2 மி.கி. போதும், அது மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

பலரும் தோற்பது கம்மை மெல்லும் விதத்தில். பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். தொண்டை எரியும், விக்கல் வரும், குமட்டும். மறுநாளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு கடித்ததுபோல் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் வரும். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, குளிர்பானம் கூடாது. அவற்றின் அமிலத்தன்மை வாய்க்குள் நிக்கோட்டின் உறிஞ்சப்படுவதைக் கெடுத்துவிடும். டீயும் சிகரெட்டும் ஒட்டிப்பிறந்த நம் ஊரில் இதை முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

எண்ணிக்கையிலும் தவறு நடக்கிறது. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம் தேவை. அதன்பின் இடைவெளியைக் கூட்டி, பன்னிரண்டு வாரத்தில் முடிக்க வேண்டும். காசைப் பார்த்துத் தினம் இரண்டோடு நிறுத்துபவர், "இது வேலை செய்யவில்லை" என்று பழைய வழிக்கே திரும்பிவிடுகிறார். 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே நிக்கோட்டின் மாற்று மருந்து (கம் இந்த வகைதான்) இடம்பெற்றுவிட்டது. ஆரம்ப சுகாதார நிலைய மருந்தகத்தில் பன்னிரண்டு வாரத்துக்கும் தட்டுப்பாடில்லாமல் இருப்பு வைப்பதுதான் நியாயம்.

கம்மைக் கையில் கொடுத்து "ஒரு மாதம் கழித்து வாங்க" என்று அனுப்புவது பெரிய தவறு. முதல் மூன்று நாள்தான் கொடுமை: எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை. விட்ட மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், மாதக் கடைசியில் என ஐந்து முறை போன் செய்தால் போதும், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். நடுவில் ஒன்று பிடித்துவிட்டேன் என்பவரைத் திட்டக்கூடாது. எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது என்று கேட்டு அதற்கு வழி சொல்ல வேண்டும். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடிப் போகும் தன்னார்வலர்களின் பதிவேட்டில் இதற்கென ஒரு கட்டத்தை உடனே சேர்க்கும்படி சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர், திருச்சி