பேனர் அடிப்பதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அதிகாரிகளுக்கு வணக்கம்.

கோவையில் பம்ப் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ எடுக்கிறவன் நான். ஏன் இந்த வேலைக்கு வர்றீங்க என்று கேட்டால் நீங்கள் பயிற்சி கொடுத்த பதில் வரி பிசகாமல் வந்து விழுகிறது, பத்துப் பேருக்கும் ஒரே பதில். போன முறை ஒரு பையனிடம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் ஒன்றை, குழிகுழியாக அரித்துப்போனதைக் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தான், விரலால் தடவினான், "கேவிட்டேஷன் சார், சக்‌ஷன் பக்கம் பிரஷர் விழுந்திருக்கும்" என்றான் (பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் குமிழிகள் உண்டாகி, அவை உடைந்து உலோகத்தை அரிக்கும், அதுதான் கேவிட்டேஷன்), அப்புறம் அவனை நிறுத்துவதே பெரும்பாடாகிவிட்டது. கிளம்பும்போது, "ஐடில ஆஃபர் இருக்கு சார், இதுக்குச் சும்மா பிராக்டிஸுக்குத்தான் வந்தேன்" என்றான்.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. கல்விக் கடன் கட்டுகிற வீட்டில் அதுதான் முதல் கணக்கு, படித்த துறையிலேயே வேலை தருகிற எங்களைப் போன்ற கோர் கம்பெனிகள் குறைவாகக் கொடுக்கிறோம் என்பதும் உண்மை. மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடுகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையே பட்டதாரிகளின் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கும்போது உங்களுக்கும் நெருக்கடி இருக்கும். ஆனால் ஒருவர் வேலையில் எதைப் பெரிதாக நினைக்கிறார் என்று அளக்க டொனால்ட் சூப்பர் என்ற உளவியலாளர் 1970-இல் வெளியிட்ட வினாத்தொகுப்பில் 15 விஷயங்கள் இருக்கின்றன: புதிதாக ஒன்றைச் செய்வது, சுதந்திரம், பிறருக்கு உதவுவது, கூட வேலை செய்கிறவர்கள், இப்படி. சம்பளம் அதில் ஒன்று. வேலை கிடைத்த பிள்ளைகளைக் காட்டிக் கல்லூரி வாசலில் நீங்கள் கட்டுகிற பேனரில் இருப்பது அந்த ஒன்று மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முதல் வருடம் பையன் சீனியரின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதுகிறான், மூன்றாம் வருடம் போகாத இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்கு (தொழிற்சாலையில் எடுக்க வேண்டிய பயிற்சி) சர்டிஃபிகேட் வாங்குகிறான், கடைசி வருடம் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ப்ராஜெக்ட்டையே வாங்கிவிடுகிறான். எல்லாரும் அப்படியில்லை, சரி. ஆனால் தாள் சரியாக இருந்தால் வேலை முடிந்தது என்று அவனுக்கு நாலு வருடமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, எட்டாவது செமஸ்டரில் 'வொர்க் எதிக்ஸ்' என்று ரெண்டு மணி நேர வகுப்பு எடுத்து என்ன ஆகப்போகிறது?

சேர்ந்த முதல் மாதத்திலேயே வேலையில் என்ன வேண்டும் என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்குங்கள். ஐந்தாவது செமஸ்டரில் ஒரு தடவை, முடிக்கும்போது ஒரு தடவை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எப்போது மாறியது என்று துறைத் தலைவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். கூடவே, ட்ரெய்னிங்குக்கு நிஜமாகவே வருகிற பிள்ளைகளை எங்களிடம் அனுப்புங்கள். சர்டிஃபிகேட் கடைசி நாளில்தான் கொடுப்போம்.