இரண்டு டோக்கன் கடன்

அன்புடையீர்,

அடுத்த வாரம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசாரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

1990 நவம்பரில் ஒரு கைப்பையும் பருத்திச் சட்டையுமாக கனடாவின் ரொறன்ரோவில் இறங்கினேன். ஏழு பேர் படுத்திருந்த ஸ்காபரோ நிலவறையில் எனக்கு எட்டாவது பாய் விரித்தவர் எங்கள் ஊர் அண்ணை ஒருவர். தன் பனிச் சப்பாத்தை எனக்குத் தந்துவிட்டு, பழைய ஓட்டைச் சப்பாத்தோடு உணவகத்தில் கோப்பை கழுவப் போனார். அண்ணை, அந்தக் குளிர்காலம் முழுவதும் நீங்கள் இருமியது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மறு ஆண்டு அகதிக் கோரிக்கை விசாரணை. கோரிக்கையைத் தீர்மானிக்கும் அகதிகள் சபையின் இரண்டு உறுப்பினர்கள் எதிரே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏற்றுக்கொண்டாலே போதும் என்பது அன்றைய விதி. தம்பியைப் பற்றிக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மொழிபெயர்க்க வந்த அக்கா தன் தண்ணீர்க் குவளையை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். அது அவருடைய வேலையில் சேராது.

அந்த அறையில் எனக்கு ஒரு நாற்காலி எப்படிக் கிடைத்தது என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் கோரிக்கையாளரின் முகத்தையே பார்க்காமல், அவர் சொன்னதன் எழுத்துப் பிரதியை வைத்தே நிராகரித்துவிட முடியும். ஹர்பஜன் சிங் உள்ளிட்ட ஏழு அகதிக் கோரிக்கையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் அதை மாற்றினார்கள். 1985 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. கனடிய உரிமைகள் சாசனத்தில், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புக்கும் உரிமை தரும் 7ஆம் பிரிவில் உள்ள ‘ஒவ்வொருவரும்’ என்ற சொல், கனடிய மண்ணில் நிற்கும் எந்த மனிதரையும் குறிக்கும் என்று எழுதினார் நீதிபதி பெர்தா வில்சன். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 தமிழரைக் காப்பாற்றிய கப்டன் கஸ் டால்டனுக்கும் மற்ற மீனவர்களுக்கும் நம்மவர் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் இந்த ஏழு பேருக்கு நம் மேடைகளில் யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் வழக்காடியிராவிட்டால் என்னுடைய கதையை ஒரு கோப்புதான் சொல்லியிருக்கும்.

இதே வாயால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர் அடைக்கலம் தேடி வந்தபோது, ‘வரிசையில் வராமல் புகுந்துவிட்டார்கள்’ என்று என் வீட்டு வரவேற்பறையிலேயே உட்கார்ந்து சொன்னார் ஒருவர். அவரும் என்னைப் போல அகதியாக வந்தவர்தான். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

மருமகள் குடியுரிமை எடுத்த நாளில் வேறொரு விதமாக வெட்கப்பட்டேன். இந்த மண்ணின் பூர்வகுடிகளான முதற்குடிகள், இனுயிட், மெட்டி மக்களின் உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பை மதித்து நடப்பதாக ஒரு வரி, 2021 முதல் உறுதிமொழியில் இருக்கிறது. நான் உறுதிமொழி எடுத்தபோது அது இல்லை. எங்கள் காணியில் வேறொருவர் வேலி போட்டதற்காக ஊரை விட்டு வந்தவன் நான். வந்து முப்பது வருடம், இது யாருடைய நிலம் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த மக்களுக்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. இப்போதைக்கு இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

கடைசியாக, முதல் தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கிய ஜமைக்கா அம்மாவுக்கு. அங்கே இரண்டு வாரச் சம்பளத்தை இழுத்தடித்தார்கள். வாழ இடம் தந்த நாட்டில் சண்டை பிடிப்பது நன்றிகெட்டதனம் என்று பேசாமல் இருந்தேன். அவர் சிரித்தார். “இடம் தந்தது நாடு. உன் கூலியை வைத்திருப்பது முதலாளி. இரண்டு பேரையும் ஏன் ஒன்றாக்குகிறாய்?” என்று கேட்டார். தொழில் அமைச்சு அலுவலகத்துக்குப் போகும் வழியை அட்டைத் துண்டில் கீறி, போகவும் வரவும் இரண்டு பஸ் டோக்கன்களைக் கையில் வைத்தார். சம்பளம் வந்தது. அதிலிருந்துதான் என் முதல் வரியும் போனது. அதற்குப் பிறகு வரி கட்டவும் நான் தயங்கியதில்லை, தெருவிளக்கு எரியாவிட்டால் நகரசபைக்குத் தொலைபேசி எடுக்கவும் தயங்கியதில்லை.

சில மாதங்களில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவரை அதன்பின் நான் காணவில்லை. அம்மா, இந்த மடலை யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லக்கூடும். டோக்கன் விற்பதை நிறுத்திவிட்டார்கள். காசாகத் தந்தால் வாங்கிக்கொள்வீர்களா?

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து, எட்டாவது பாய்க்காரன்