ஞாயிறு லாபனொட்டேஷன் வகுப்பு: வருவதற்கு முன்

குழுவினருக்கு வணக்கம். இந்த வாரம் மயிலாப்பூர் வகுப்பில், பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவான தட்டடவின் முதல் வகையை லாபனொட்டேஷனில், அதாவது நடன அசைவுகளைக் குறிகளால் எழுதும் முறையில், எழுதுகிறோம். கிராஃப் தாள், 2பி பென்சில், நல்ல அழிப்பான் கொண்டு வாருங்கள். பேனா வேண்டாம்.

இந்த முறையில் அசைவுகளை எழுதும் மூன்று செங்குத்துக் கோடுகளைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் உடலின் வலப்பக்கம். குறியின் வடிவம் திசையையும், நீளம் நேரத்தையும் சொல்லும். உள்ளே கறுப்பு என்றால் தாழ்நிலை, புள்ளி என்றால் நடுநிலை, சாய்கோடுகள் என்றால் உயர்நிலை. ஓர் அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) நான்கு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கை அசைவிலிருந்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் உடல் எடை எந்தக் காலில் என்று எழுதுங்கள். நடுக்கோட்டை ஒட்டிய பத்திகள் அதற்கே. அங்கே இடைவெளி விட்டால் ‘குதி’ என்று பொருள்! எடை அப்படியே நின்றால் சிறு வட்டம் போட வேண்டும். அதை மறந்தால், அரைமண்டியில் (முழங்கால் மடக்கிய பாதி அமர்வில்) நிற்க வேண்டியவர் ஏட்டில் துள்ளிக்கொண்டிருப்பார். கை, கால் அசைவுப் பத்திகளில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வெற்றிடம் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீடியோ பார்த்து எழுதுபவர்கள், செல்ஃபி கேமராவில் எடுத்ததா என்று முதலில் பாருங்கள். இடம் வலம் மாறியிருக்கலாம். முதுகுப்பக்கமிருந்து எடுத்தது எழுத வசதி.

இதையே தொழிலாக்க நினைப்பவர்கள் நியூயார்க்கில் 1940-ல் தொடங்கிய டான்ஸ் நொட்டேஷன் பீரோவின் படிப்புகளைப் பாருங்கள். அதற்கு முன், எழுதியதை அந்த அடவைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தைத்தான் திருத்த வேண்டும்.