கோத்தகிரியிலிருந்து, அமோனியா விஷயமாக

அன்புள்ள மூர்த்தி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபித்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. இங்கே எல்லாரும் நலம். ஐப்பசி மழை விட்டபாடில்லை. குன்னூர் ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை. பச்சைத் தேயிலை விலையைப் பற்றிக் கேட்காதே. பாய்லர் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாம். என் ஸ்லைடு ரூல் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது, நினைவிருக்கட்டும்.

விஷயம் இதுதான். பேத்தி ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். தலைப்பு என்ன தெரியுமா? நிலக்கரியை வாயுவாக்கி எரிக்கும் கேஸ் டர்பைனில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது! கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. திருச்சி பெல்லில் நிலக்கரி வாயுவில் மின்சாரம் எடுக்கும் அந்த 6.2 மெகாவாட் சோதனை நிலையம் வந்தபோது நீயும் நானும் டீக்கடையில் விடிய விடியச் சண்டை போட்டது இதற்குத்தானே?

"சுடரின் சூட்டைக் குறைத்தால் போதாதா தாத்தா?" என்று கேட்டாள். இயற்கை எரிவாயு என்றால் பெரும்பாலும் அது போதும். 1500 டிகிரியைத் தாண்டினால்தான் காற்றில் இருக்கும் நைட்ரஜன் வேகமாக ஆக்சிஜனோடு சேர ஆரம்பிக்கும். ஆக்சிஜன் ஊதித் தயாரித்த நிலக்கரி வாயுவிலும் நீராவியோ நைட்ரஜனோ கலந்து சுடரைத் தணிக்கலாம். ஆனால் காற்று ஊதித் தயாரித்த வாயுவின் கதை வேறு. அது ஏற்கெனவே சத்துக் குறைந்த வாயு, சுடரும் அவ்வளவு சுடாது. அங்கே வில்லன் எரிபொருளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நிலக்கரியில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு நைட்ரஜன் உண்டல்லவா? அதில் ஒரு பகுதி அமோனியாவாக வாயுவோடு வந்துவிடுகிறது. காற்று தாராளமாக இருக்கும் சுடரில் அதில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடாகிவிடும், சூடு குறைவாக இருந்தாலும்.

வாயுவைக் குளிரவைத்துத் தண்ணீரில் கழுவினால் அமோனியா கரைந்து போய்விடும், சரி. ஆனால் வாயுவின் சூடு வீணாகிறது, நாற்றமடிக்கும் தண்ணீரை வேறு சுத்தம் செய்யவேண்டும். சூட்டோடு சுத்தம் செய்தால் சூடு மிச்சம், ஆனால் அமோனியாவும் வாயுவிலேயே மிச்சம். நீ கழுவு கட்சி, நான் கழுவாத கட்சி. இன்றைக்கும் அப்படித்தான்.

அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். அடுப்படியில் குனிந்து, பர்னர் குழாயின் காற்றுத் துளையை விரலால் அடைத்தேன். நீலச் சுடர் மஞ்சளாகி நீண்டது, பால் பாத்திரத்தின் அடியில் கரி ஏறியது. விரலை எடுத்தேன், மறுபடி நீலம். "டர்பைனில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வை" என்றேன். முதல் அறையில் காற்றைப் பட்டினி போடவேண்டும். ஆக்சிஜன் கிடைக்காத அமோனியா, அங்கே உண்டாகும் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடோடு மோதி, இரண்டும் சாதுவான நைட்ரஜனாகிவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது! அப்புறம் மீதிக் காற்றை ஒரே மூச்சில் கொட்டி எரித்து முடிக்கவேண்டும். அந்த இடத்தில் கலப்பு தாமதமானால் சுடர் உச்சச் சூட்டில் நின்று, காற்றின் நைட்ரஜனே ஆக்சைடாகிவிடும். முழு வித்தையும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. அவள் கண் விரிந்ததை நீ பார்த்திருக்கவேண்டும், மூர்த்தி.

ஆனால் ஊருக்குத் திரும்பியதும் போன் செய்தாள், குரலே சரியில்லை. நிலக்கரிக்கு இனி எதிர்காலம் இல்லை, தலைப்பை மாற்று என்று கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்களாம். எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமில்லை. நாளைக்கே நாட்டில் நிலக்கரியை அணைத்துவிடப் போகிறோமா? அணைக்கும் நாள் வரைக்கும் புகைபோக்கியில் போவதற்கு யார் பொறுப்பு? அந்த நைட்ரஜன் ஆக்சைடு வெயிலில் ஓசோனை உண்டாக்கி, அது மனிதன் நெஞ்சையும் பயிரின் இலையையும் அரிக்கிறது. அதுவும் போக, ஜப்பானில் இப்போது அமோனியாவையே எரிபொருளாக டர்பைனில் எரிக்கிறார்கள். அங்கேயும் முதலில் பட்டினி, பிறகு காற்று என்ற இதே வழிதான். நாம் படித்தது வீணாகவில்லை.

நான் சொன்னால் தாத்தாவின் பாசம் என்று நினைத்துக்கொள்வாள். நீ டர்பைனின் எரியறையான காம்பஸ்டர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன், எதிர்க்கட்சி வேறு. வருகிற வெள்ளிக்கிழமை திருச்சிக்கு வருகிறாள், உன் வீட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். அந்தக் காக்கி அட்டை நோட்டுகளைத் தேடி எடுத்து வை. கழுவுவதே மேல் என்று நீ அவளிடம் வாதாடினாலும் பரவாயில்லை, விட்டுக்கொடுக்காமல் வாதாடு. அவள் கையில் இரண்டு கிலோ டீத்தூள் கொடுத்தனுப்புகிறேன், ஸ்லைடு ரூலை அவளிடமே கொடுத்துவிடு.

உன்,
கோத்தகிரியான்