‘கெய்ஷா பார்த்தல்’ என்ற அந்த ஒரு வரி: சுற்றுலா நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானுக்குக் குழுப் பயணம் அழைத்துச் செல்லும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சென்ற ஏப்ரலில் உங்களோடு வந்த இருபத்திரண்டு பேரில் நானும் என் மனைவியும் உண்டு. சாப்பாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கியோட்டோவிலும் ரசம் வைத்துக் கொடுத்த உங்கள் சமையல்காரருக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். நான் எழுதுவது பயணத் திட்டத்தில் இருந்த ஒரே ஒரு வரியைப் பற்றி: ‘மாலை 5.30 – 6.15: கியோன், கெய்ஷா பார்த்தல்.’ கியோன் என்பது கியோட்டோவின் பழைய பகுதி ஒன்று; கெய்ஷா என்றால் விருந்தினர் முன் ஆடிப் பாடி மகிழ்விக்கும் கலைப்பெண்.

முதுமலையில் புலி பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்வதுபோலத்தான் எங்களுக்கும் சொன்னார்கள். சத்தம் கூடாது, கைபேசி கையில் தயாராக இருக்கட்டும். ஹனாமிகோஜி தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தின் வாயில் காத்திருந்தோம். ஆறு மணிக்குச் சற்று முன்பு ஒரு சிறுபெண் வந்தாள். வெள்ளை பூசிய முகம், முதுகிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் ஓபி என்ற பட்டு இடுப்புக்கச்சை, உயரமான மரக் குறடு. எங்களைக் கண்டதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். அந்தக் குறட்டோடு எங்கே ஓடுவது? நம்மவர் இருவர் வழியை மறித்து நின்றார்கள். ஒருவர் அவளுடைய கிமோனோ அங்கியின் கையைத் தொட்டே விட்டார். நான் தொடவில்லை, படம் எடுத்தேன். இன்னும் கைபேசியில் இருக்கிறது: கலங்கலாக ஒரு சிவப்புக் கழுத்துப் பட்டை, பாதிக் காது.

“நம் பேத்தி வயது. வேலைக்குப் போகிற பெண்ணை இப்படியா மறிப்பது?” என்றாள் என் மனைவி.

சந்தின் முகப்பில் பலகை இருந்தது. 2019-ல் அங்கே குடியிருப்பவர்கள் தனியார் பாதைகளில் படம் எடுக்கத் தடை விதித்தார்கள். கூட்டம் அடங்கவில்லை. 2024-ல் சில சந்துகளுக்குள் வெளியார் நுழைவதையே நிறுத்தினார்கள். மீறினால் 10,000 யென் அபராதம். பலகையை உங்கள் வழிகாட்டியிடம் காட்டினேன். “கேட்டால் கம்பெனி கட்டிவிடும் சார்” என்றார்.

மறுநாள் உங்கள் திட்டப்படி கடைவீதி. நாங்கள் கழன்றுகொண்டு காலை எட்டு மணிக்கெல்லாம் மீண்டும் கியோனுக்குப் போய்விட்டோம். அதே தெருவா என்று இருந்தது. கருத்த மரச் சட்டங்கள், மாடியில் மூங்கில் தட்டிகள், சுவரடியில் வளைத்துச் சாய்த்த மூங்கில் தடுப்பு. வாசலில் சிறு மரப் பலகைகளில் அந்த வீட்டுப் பெண்களின் பெயர்கள். தெருவின் தென்கோடியில் 1202-ல் எழுந்த கென்னின்ஜி என்ற ஜென் மடம். திரும்பி வரும்போது எங்கிருந்தோ ஷாமிசென் என்ற மூன்று நரம்பு வாத்தியம் கேட்டது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாலையில் பாட்டு வகுப்பு நடக்கும் வீட்டைக் கடந்து போவதுபோல இருந்தது.

கியோட்டோவில் கெய்ஷா என்று சொல்வதில்லை, கெய்கோ என்பார்கள். பயிற்சியில் இருப்பவள் மைகோ. பயிற்சி சுமார் ஐந்து ஆண்டு. மைகோவின் கழுத்துப் பட்டை சிவப்பு. கெய்கோ ஆகும்போதுதான் அது வெள்ளைக்கு மாறும். நான் படமெடுத்தது ஒரு மாணவியை என்று இதை அறிந்தபோதுதான் விளங்கியது. அவர்கள் விருந்தினரை மகிழ்விக்கும் ஒச்சாயா வீடுகளுக்குள் அறிமுகமில்லாதவர் பணத்தை நீட்டி நுழைந்துவிட முடியாது. தெரிந்தவர் ஒருவர் கூட்டிப்போக வேண்டும். அந்த வீட்டுத் தலைவிக்கு அங்கே பெயரே ‘அம்மா’. முற்காலத்தில் ஊதுபத்தி எரியும் கணக்கில்தான் கூலி.

தெருவின் கிழக்கே யாசகா கோயில். 1868 வரை அதன் பெயரும் கியோன்தான். அந்தப் பெயர் போனது நம் பக்கத்திலிருந்து என்றால் நம்புவீர்களா? சிராவஸ்தியில் புத்தர் தங்கிய ஜேதவனத்தின் ஜப்பானியப் பெயர்ச் சுருக்கம் அது. தோப்பை விற்க மனமில்லாத ஜேத இளவரசன், தரை முழுக்கப் பொற்காசு பரப்பினால் தருகிறேன் என்று விளையாட்டாகச் சொல்ல, அனாதபிண்டிகர் என்ற வணிகர் புத்தருக்காக வண்டி வண்டியாகக் காசு கொண்டுவந்து பரப்பிய கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் வழிகாட்டிக்கு அதைச் சொல்லுங்கள். அங்கே விற்கிறேன் என்று ஒருவன் வாயால் சொல்லியிருந்தான், இந்தச் சந்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பிற்பகலில் ஷிராகாவா ஓடையருகே, தட்சுமிப் பாலத்தில் நம் குழுவினரே சிலர் எதிர்ப்பட்டார்கள். கடைவீதி அலுத்துவிட்டதாம். “நல்லவேளை, ஒரு கெய்ஷா நிதானமாக நின்று படம் எடுக்கவிட்டாள்” என்று காட்டினார்கள். அவள் வாடகைக் கிமோனோவும் ஒப்பனையும் போட்டுக்கொண்ட சுற்றுலாப் பயணி. நான் சொல்லவில்லை. அவர்கள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது. அன்றே மியாகோ ஓதோரிக்குப் பின்வரிசையில் இரண்டு டிக்கெட் கிடைத்தது. தலைநகரம் டோக்கியோவுக்குப் போய்க் கியோட்டோ களையிழந்த காலத்தில், 1872-ல் நடந்த கண்காட்சிக்காகத் தொடங்கிய நடனம் இது. ஏப்ரல் முழுவதும் நடக்கிறது, நாங்கள் காத்து நின்ற அதே தெருவையொட்டிய அரங்கில்! “மியாகோ ஓதோரி வா...” என்று ஒரு குரல் இழுக்க, “யோய்யாசா” என்று பெண்கள் பதில் கொடுத்தபடி இரு பக்க மேடைப் பாதைகளிலும் நீலக் கிமோனோவில் வரிசையாக வந்தார்கள். திரை விழாமலே வசந்தம் கோடையாகி, பனிக்காலமாகி, மறுபடி வசந்தமானது. ஒரு மணி நேரம். யாரும் தலையைக் கவிழ்க்கவில்லை, எங்களைப் பார்த்து ஆடினார்கள். முந்தைய நாள் வந்தவளும் அதில் இருந்தாளோ என்னவோ, அந்த ஒப்பனையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

உங்கள் பேருந்து மூன்று நாள் இந்த அரங்கைத் தாண்டித்தான் போய் வந்தது. அந்த முக்கால் மணி நேரத்தை எடுத்துவிட்டு இந்த டிக்கெட்டைப் போடுங்கள், கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் இல்லையென்றால் மே மாதம் பொன்தோச்சோ பகுதியில் காமோகாவா ஓதோரி, நவம்பரில் கிழக்குக் கியோனின் நடனம். ஒன்றும் இல்லாத மாதத்தில் காலையில் அந்தப் பெரிய தெருவில் சும்மா நடக்க விடுங்கள், கொடியைத் தூக்கிக்கொண்டு யாரும் முன்னால் போக வேண்டாம். பலகைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பேருந்திலேயே தமிழில் சொல்லிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பயணம் முடிந்ததும் நீங்கள் தந்த கருத்துப் படிவத்திலும் இதையெல்லாம் எழுதியிருந்தேன். நேற்று அடுத்த ஆண்டுக்கான உங்கள் கையேடு தபாலில் வந்தது. எட்டாம் பக்கத்தைப் பார்த்தேன். அந்த வரி அப்படியே இருக்கிறது, 6.15 மட்டும் 6.30 ஆகியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி ஒருவர்