வாடகைக்கு என்ன செய்வோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1888-இல் லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் பெண்களைக் கொன்று பிடிபடாமல் போன 'ஜாக் தி ரிப்பர்' ஆங்கில ஓவியர் வால்டர் சிக்கர்ட்தான் என்பதற்கு அவருடைய படங்களே சாட்சி என்று சென்ற இதழ்க் கட்டுரை வாதிடுவதை, முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்த என்னால் ஏற்க முடியவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் தாள் முழுவதும் கறுப்பாகவே தீட்டிக் கொடுத்தபோது, அவன் வீட்டில் ஏதோ விபரீதம் நடந்திருக்கிறது என்று நாங்கள் பதறினோம். விசாரித்தபோதுதான் அவனிடம் கறுப்பு வண்ணக்கட்டி மட்டுமே மிஞ்சியிருந்தது தெரிந்தது.

கட்டுரையோடு வெளியான படத்தைச் சற்று நேரம் பாருங்கள். இரும்புக் கட்டிலில் ஒரு பெண் ஆடையின்றிச் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்திருக்கிறாள். கட்டிலின் விளிம்பில் சட்டை அணிந்த ஓர் ஆண் தலை குனிந்து, கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருக்கிறான். கத்தியும் இல்லை, காயமும் இல்லை. 1907 செப்டம்பரில் லண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் எமிலி டிம்மக் என்ற பெண் கழுத்தறுபட்டு இறந்ததும், அவ்வழக்கில் கூண்டில் நின்ற ராபர்ட் வுட் விடுதலையானதும் நாடெங்கும் பேசப்பட்டன; 'கேம்டன் டவுன் கொலை' என்ற அந்தப் பெயரைத்தான் சிக்கர்ட் அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்தப் படம் உட்படச் சில படங்களுக்கு வைத்தார். ஆனால் இதே படத்துக்கு 'வாடகைக்கு என்ன செய்வோம்?' என்று மற்றொரு தலைப்பும் உண்டு. அதை மனத்தில் கொண்டு பார்த்தால், கொலைகாரனாகத் தெரிந்தவன் கையில் காசில்லாமல் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் கணவனாகிவிடுகிறான். தலைப்பு மாறினால் குற்றமே மறைந்துவிடும் ஒரு படத்தை எந்த நீதிமன்றம் சாட்சியாக ஏற்கும்?

சிக்கர்ட்தான் கொலைகாரன் என்று காட்ட, அமெரிக்கக் குற்ற நாவலாசிரியர் பாட்ரிசியா கார்ன்வெல் 2002-இல் முன்வைத்த மரபணுச் சான்றும் அவ்வளவு உறுதியானதல்ல. 1942-இல் இறந்த சிக்கர்ட்டின் உடல் எரியூட்டப்பட்டதால் ஒப்பிடுவதற்கு நேரடி மாதிரியே கிடையாது. கொலைகாரன் எழுதியவை எனப்பட்ட கடிதங்களில் கிடைத்தது தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணு. அது பலருக்கும் பொதுவாக இருக்கக்கூடியது. அக்கடிதங்களில் ஒன்றிரண்டை அவரே விளையாட்டாக எழுதியிருந்தாலும், நூற்றுக்கணக்கில் வந்து குவிந்த போலிக் கடிதங்களோடு அவையும் சேருமே தவிர, கொலைக்குச் சான்றாகா. மேலும், 1888 கோடையின் இறுதியில் அவர் பிரான்சில் இருந்ததாகக் குடும்பத்தாரின் கடிதங்கள் சுட்டுகின்றன. கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. ஒயிட்சாப்பலில் பலியான பெண்களில் ஒருவரான மேரி ஆன் நிக்கல்ஸ், தாம் கொலையுண்ட இரவில், படுக்கைக்குக் கொடுக்க நான்கு பென்னி இல்லாததால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஒரு வாரம் கழித்துப் பலியான ஆனி சாப்மனும் படுக்கைக் காசு இல்லாமல்தான் நள்ளிரவுக்குப் பின் தெருவில் இறங்கினார். பின்னர் பலியான மேரி ஜேன் கெல்லியின் வாடகைப் பாக்கி 29 ஷில்லிங்; நவம்பர் 9 காலையில் அதை வசூலிக்க வந்த ஆள் கதவைத் தட்டிப் பதில் வராமல், உடைந்த சன்னல் கண்ணாடி வழியே கையை விட்டுத் திரையை விலக்கியபோதுதான் அவர் உடலைக் கண்டார். அந்தப் பெண்களைக் கொலைகாரனின் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது வாடகைதான் என்பது மரண விசாரணையில் பதிவான வாக்குமூலங்களிலேயே இருக்கிறது. கொலைகாரனைத் தேடிச் சாயத்தைச் சுரண்டும் கட்டுரையில் இவர்களுக்கு ஒரு பத்தி கூட இல்லையே!

தாங்கள் அந்தப் படத்தைக் கொலைத் தலைப்போடு மட்டும் அச்சிட்டிருந்தீர்கள். மறுபடி அச்சிட நேர்ந்தால், இரண்டு தலைப்புகளையும் சேர்த்தே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.