உன் கிளைப் பசங்களைப் பற்றி

அன்புள்ள மாப்ளே,

உன் நீளமான கடிதம் வந்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். இங்கே மும்பை செம்பூரில் மழை விட்டபாடில்லை, ஹார்பர் லைன் ரயில் நினைத்தால் ஓடுகிறது, மற்றபடி நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கிளையில் வேலை பார்க்கும் பசங்க எல்லாவற்றையும் மறைக்கிறார்கள், திரும்பி வராத கடனையும் வந்துவிடும் வந்துவிடும் என்று மாதக் கடைசிவரை இழுக்கிறார்கள், இந்தத் தலைமுறைக்கே பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் காலை மீட்டிங்கில் டார்கெட் குறைந்தவனை எழுந்து நிற்கவைத்துக் கேட்பார்கள். அங்கே ஒருத்தர் வாயே திறக்க மாட்டார், கேட்டால் ‘ஆயிடும் சார்’ ஒன்றுதான் பதில். அதே மனிதர் இப்போது என் ஆபீசில் இருக்கிறார், இந்த பாலிசி அந்தக் குடும்பத்துக்கு ஒத்துவராது, விற்க வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். ஐம்பதை நெருங்கும் ஆளுக்குப் புதிதாகக் குணம் முளைக்குமா? கெட்ட சேதி சொன்னால் இங்கே யாரும் கத்துவதில்லை என்று பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாடிக்கையாளரிடம் கணக்கு, கார்டு என்று எட்டு விற்க வேண்டும் என்று இலக்கு வைத்து, அன்றாடம் நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்கு திறக்க ஆரம்பித்தார்கள். 2016-இல் விஷயம் வெடித்தபோது அப்படிப்பட்டவை சுமார் 20 லட்சம் இருக்கலாம் என்றார்கள், வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம், வேலை போனவர்கள் மட்டும் 5,300 பேர். அத்தனை பேருமா பிறவித் திருடர்கள்? ஒழுங்காக வேலை செய்தால் பிழைக்க முடியாது என்று அந்த இடமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எனக்கு இன்றும் இதை நினைத்தால் கோபம் வருகிறது.

இன்று ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன், 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்தவருக்குக் கணக்கு தலைகீழாக வந்தது. நன்றாக நடக்கும் வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன, ஏனென்றால் அங்கே நர்ஸுகள் பயப்படாமல் சொன்னார்கள். அதனால் மாப்ளே, உன் கிளையிலிருந்து ‘எல்லாம் ஓகே’ என்று ரிப்போர்ட் வரும்போதுதான் நீ கவலைப்பட வேண்டும்.

நல்லதும் இப்படித்தான் வளர்கிறது, அதை இந்த ஊரிலேயே பார்த்தோம். 2008 நவம்பரில் தாஜ் ஓட்டலில் பயங்கரவாதிகள் புகுந்து சுட்டபோது, எந்தப் பக்கம் வெளியேறலாம் என்று தெரிந்த ஊழியர்கள் தப்பித்துப் போயிருக்கலாம். போகாமல் விருந்தினர்களை வெளியே அனுப்பினார்கள், சமையல்கட்டு ஆட்கள் கை கோத்து நின்று மறைத்தார்கள், அவர்களில் பலர் உயிர் விட்டார்கள். யாரோ மேலிருந்து உத்தரவு போட்டு அது நடக்கவில்லை. மேலே கேட்டுக்கொண்டு நிற்காமல் விருந்தினருக்காக நீயே முடிவெடு என்று சேர்ந்த நாளிலிருந்தே அவர்களைப் பழக்கியிருந்தார்கள், நன்றாகச் செய்தவனை உடனே பாராட்டியும் இருந்தார்கள்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் ஒன்று செய்துபார். டார்கெட்டைக் கேட்பதற்கு முன்னால், எந்தக் கடன் வராதுபோல இருக்கிறது என்று கேள். முதலில் சொல்பவனிடம் எகிறாதே, அவனோடு நீயும் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வா. உடனே எல்லாரும் வாய் திறக்க மாட்டார்கள், உனக்கு முன்னால் இருந்தவர் பழக்கிய பயம் சீக்கிரம் போகாது. உன் மேலிடம் உன்னை எப்படி நெருக்குகிறது என்று எனக்குத் தெரியும், அதைக் கீழே அப்படியே இறக்காமல் நீ எவ்வளவு நாள் தாங்குவாய் என்பதுதான் என் கவலை. உடம்பைப் பார்த்துக்கொள், அந்த பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதே.

தீபாவளிக்கு மதுரை வருகிறோம். அப்புறம், மீட்டிங்கில் என்ன நடந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் செம்பூர் நண்பன்